ஜமாஅத் கார்டுல ரெண்டாவது பேரு

இல்ல மச்சான், எங்க வாப்பா இதுக்கு ஒண்ணு சொல்லுவாவ. பாதிதான் ஞாபகத்துல நிக்கி. வீட்டு ஆளுவள தலை எண்ணாத, பேரு சொல்லிக் கூப்புடுன்னு... அதுக்குப் பொறவு என்னமோ வரும். போவட்டும். உக்காருங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க, சாயா வருது.

நீங்க இப்ப ஜமாஅத் செக்ரட்டரியா வந்திருக்கிய, புரியுது. ஜும்மாவுக்கு முன்னால புதுக் கார்டு அடிச்சாவணும், மவுத்தாகிப் போய்ச் சேந்தவுக பேரை எடுக்கணும். நம்ம வீட்லயும் ஒரு பேரு எடுக்க வேண்டியிருக்கு. தெரியும், தெரியும். அதுக்கு முன்னால போன தடவை நான் எழுதின கார்டு புரோக்ராம்ல என்ன ஆச்சுன்னு சொல்லிருதேன், நாளைக்குக் கமிட்டில உங்களையில்லா கேப்பாவ.

நசீர் வீட்ல அஞ்சு பேரு. அவரு வாப்பா பேரு ரெண்டாவதா இருந்துச்சு, எடுத்தேன், அதே கையோட கார்டும் அடிச்சேன். நாலு பேரு வரணும், மூணுதான் வந்துச்சு. கடைக்குட்டி அஃப்ஷாவைக் காணோம். காய்ச்சலோட வந்த புள்ளைய, கார்டுல பேரில்லன்னு நம்ம டிஸ்பென்சரில திருப்பி அனுப்பிட்டாவ.

ஒரு வீட்டு ஆளுவளை டேட்டாபேஸ்ல ஒண்ணா வைக்க மூணு வழி இருக்கு. நான் வச்சிருந்தது நெஸ்டட் டேபிள். நம்ம சால் மாதிரின்னு வைங்களேன், வரிசையா ஒத்தை ரூம் கோலிவ. ரெண்டாம் நம்பர் கோலி காலியாச்சுன்னா மூணாம் நம்பர்க்காரன் தட்டுமுட்டைத் தூக்கிட்டு அங்க வரமாட்டான். கோலி அப்படியே கெடக்கும். ஆனா எத்தனை பேருன்னு கேட்டா நாலுங்கும். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கதவைத் தட்டு, காலியா இருந்தா சத்தம் போடாம அடுத்ததுக்குப் போன்னு எழுதி வச்சிருந்தேன். அஞ்சாவது கதவை யாரு தட்டுவா? சரி பண்ணிரலாம். எண்ணிக்கையைப் பாக்காம, அடுத்து ஆளு இருக்குத கோலி எதுன்னு கேட்டுக் கேட்டுப் போனா போதும்.

சிரிக்காதிய. பஹ்ரைன் பேங்குல இருவது வருஷம் இதைத்தான் பேசிட்டிருந்தேன், அங்க யாரும் சிரிச்சதில்ல.

இன்னொண்ணு அசோசியேட்டிவ் அரே. அதுல பேரைச் சொல்லியே எடுக்கலாம், பேரைச் சொல்லியே நீக்கலாம். வாப்பாவுக்குப் பிடிச்சிருக்கும். ஆனா புரோக்ராம் ஓடுத வரைக்கும்தான் அதுக்கு உசுரு. டேபிள்ல போட்டு வைக்க முடியாது. கார்டுக்கு ஆவாது.

மூணாவது வீ-அரே. இத்தனை பேருக்கு மேல கெடையாதுன்னு மொதல்லயே சொல்லிரணும். ஆண்டாப் ஹில் கரீம் பாட்சா வீட்ல பதினாலு பேருன்னுதான கேக்கிய? இருவதுன்னு வைப்போம். அதுக்கு மேல பெத்தா அவரு வேற ஜமாஅத் பாத்துக்கட்டும்.

குடிங்க, ஆறிப்போவுது.

சட்டைப் பையை ஏன் தொட்டுத் தொட்டுப் பாக்கியன்னு தெரியும். நம்ம வீட்டுக் கார்டு அதுலதான் இருக்கு. மொத பேரு என் பேரு. ரெண்டாவது சைனப். மூணாவது மவ சாயிமா. உங்க தங்கச்சி பேரை எடுத்துக் கார்டு அடிச்சுப் பாத்தேன், சாயிமாவும் வரல. நான் ஒருத்தன்தான் வந்தேன். அப்புறம் சரி பண்ணிட்டேன். சாயிமா வந்துட்டா. ரெண்டு பேரு, சுத்தமா, அடுத்தடுத்து.

அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன் மச்சான்.

வீ-அரேல கடைசில இருந்து கழிக்கலாம். நடுவுல இருந்து ஒரு ஆளை மட்டும் எடுன்னா எடுக்காது.

நேத்து அசர் தொழுகைக்குப் பொறவு எல்லா வீட்டையும் வீ-அரேக்கு மாத்திட்டேன்.