கடலுக்குப் பக்கத்தில், ஊருக்கு நடுவில்

கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் என் வேலை பாதி குறையும். யாரும் தட்டுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லையென்றால் நான் விருந்தாளிகளை வெறுத்தேன் என்று எழுதிவிடுவீர்கள். மணலைத்தான் வெறுத்தேன்.

பிளாங்கன்பெர்கேயில் எங்கள் கட்டடம் நல்ல இடத்தில் இருக்கிறது. வாசலில் டிராம், பின்னால் மீன்கடை, தெருமுனை திரும்பினால் கடல். முதல் மாடி வீடு அம்மாவுடையது. அவள் படுக்கையில் விழுந்த பிறகு தூக்கியதும் கழுவியதும் ஊட்டியதும் நான். தங்கை ஆர்லெட் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் வாங்கி வருவாள். அம்மா போனதும் வீடு எங்கள் இருவருக்கும் என்றானது.

ஆர்லெட் இதமாகத்தான் பேசினாள். "கடலுக்குப் பக்கத்துல, ஊருக்கு நடுவுல இப்படி ஒரு வீடு. அதுல நீ ஒருத்தி மட்டும் இருந்து என்னக்கா பண்ணப் போற? லீவுக்கு வர்றவங்களுக்கு விடலாம். நீ கீழ பின்னறைக்குப் போயிடு. சாவியையும் படுக்கைத் துணியையும் பாத்துக்க."

நான் மறுக்கவில்லை. அம்மாவின் கட்டிலை எடுத்துப் போக ஆட்கள் வந்தபோது நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு வெள்ளை அடித்து ஒரு நங்கூரப் படம் மாட்டினார்கள்.

போன கோடையில் கெண்ட் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. துவைத்த துண்டுகளோடு படியில் நின்ற என்னைக் காட்டி, யார் என்று அந்தப் பெண் ஆர்லெட்டிடம் கேட்டாள்.

"அவங்களா? கீழ இருக்காங்க. துணி துவைக்கிறவங்க."

பிறகு என்னிடம் வந்து, "எல்லாத்தையும் சொன்னா பேச்சு நீளும்க்கா, அதான்," என்றாள். நியாயம்தான். அக்கா என்பது அவ்வளவு நீளமான சொல்லா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இந்த மே மாதம் புகைபோக்கி சுத்தம் செய்யும் ஃப்ளோரிமோன் வந்தார். குளியலறை கேஸ் கீசரின் புகைக்குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உள்ள காக்கா கூடு கட்டியிருக்கு. பொகை வெளிய போகாது. அந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது. குளிக்கிறவங்க அப்படியே தூங்கற மாதிரி போயிடுவாங்க. குஞ்சு பறந்ததும் வந்து எடுத்துடறேன். அதுவரைக்கும் பத்தவைக்காதீங்க."

ஒரு சிவப்பு அட்டையைக் கீசரில் கட்டினார். "யாரும் வர்றாங்களா?" என்று கேட்டார். தடுத்துவிடுகிறேன் என்றேன்.

தடுத்தேன். அந்த வாரம் வரவிருந்த ஜெர்மன் தம்பதிக்கு போன் செய்து, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, வராதீர்கள் என்றேன். கெட்ட எண்ணம் உள்ளவள் அப்படிச் செய்வாளா? ஆர்லெட்டிடம் மட்டும், அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். காக்கை கூடு கட்டியதற்கும் என்னைத்தான் குறை சொல்வாள்.

"அப்ப வீடு காலியாத்தான இருக்கு?" என்றாள் ஆர்லெட். "சனிக்கிழமை நானும் ஊர்பானும் வர்றோம். நாமளும் ஒரு தடவை விருந்தாளியா இருந்து பாப்போமே."

வந்தார்கள். அவள் கணவன் ஊர்பான் நாயைக் கூட்டிக்கொண்டு கடலோரம் நடக்கப் போனான். நான் கீழே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஆர்லெட் மாடிப்படியில் குனிந்து கூப்பிட்டாள்.

"அக்கா, தண்ணி வெதுவெதுன்னுதான் வருது."

"பழைய கீசர். கொஞ்ச நேரம் ஓடவிடு. கதவச் சாத்திக்க, சூடாயிடும்."

"நீ இல்லன்னா இந்த வீடு ஓடாதுக்கா," என்று சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் விரிப்பு பெரியது, ஒற்றை ஆளாக மடிக்கும்போது கவனம் தவறினால் முனைகள் சேராது. மேலே அவள் ஏதோ பாடினாள். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

ஊர்பான் திரும்பி வந்து மாடி வீட்டுக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினான். சாவி என்னிடம் இருந்தது. கொடுத்தேன். அவன் அழுததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, நல்ல மனிதன்.

சிவப்பு அட்டை எங்கே என்று கேட்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் நான்தான் அவிழ்த்தேன். விருந்தாளியாக வருகிறவள் கண்ணில் அந்த மாதிரி எதுவும் படக்கூடாது. கீசரைப் பற்றவைத்ததும் நான்தான். குளியலறை ஜன்னலின் இடுக்குகளை டேப் போட்டு அடைத்ததும் நான்தான், ஐயா. அந்த ஜன்னல் வழியாகக் கடல்காற்று ஊசி மாதிரி வரும். ஆர்லெட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. கூடப் பிறந்தவள் நான் பார்த்துச் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?