ரோஸ் குல்லா பாண்டியின் தலையில் இருந்தது

"குனிலே! குனி!"

முதல் குண்டு எங்களைத் தாண்டிப் போகிறது. புதுத் துணியைக் கிழிப்பது போன்ற சத்தம். பிறகு தொம். பனி பறக்கிறது. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. வாயில் பிரஷ்ஷோடு கத்திக்கொண்டே ஓடுகிறேன். ஒரு காலில் பூட்ஸ். இன்னொன்றில் சாக்ஸ் மட்டும். வீரன் ஓடிய லட்சணம் இது. சாட்சி சொல்ல உட்கார்ந்தவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாண்டி வெளியே இருக்கிறான். தண்ணீருக்குப் பனி அள்ளப் போனவன். பதுங்குகுழியிலிருந்து அறுபது அடி தள்ளி நிற்கிறான். சுற்றிலும் வெள்ளை. அவன் தலையில் மட்டும் ரோஸ்.

"குல்லாவைக் கழட்டுலே! பாண்டி! கழட்டு!"

அவன் திரும்பினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் சிரித்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தோணி. ஊர் கூடலூர். பாண்டி லோயர் கேம்ப். பஸ்ஸில் உட்கார இடம் தேடுவதற்குள் வந்துவிடும் தூரம். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். ஒரே எல்லை முகாமில் வந்து விழுந்தோம். என் மனைவி செல்வியை அவன் தங்கச்சி என்பான். என்னை மாப்ள என்பான். முறையெல்லாம் சரி. குல்லா வரும்வரை.

அந்தச் செவ்வாய்க்கு மூன்று வாரம் முன்பு ஒரு பெட்டி வந்தது. எங்கள் ஊர் மாதா கோயில் ஹாலில் தையல் வகுப்பு உண்டு. சிஸ்டர் ஒருவர் நடத்துகிறார். எல்லையில் குளிர் என்று பெண்கள் டிவியில் பார்த்தார்கள். உடனே ஊசியை எடுத்தார்கள். பட்டாளத்துப் பிள்ளைகளுக்குத் தர்மமாக இருபத்துநான்கு குல்லா.

அவர்களில் ஒருவர்கூடப் பனியைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டால் காய்ச்சலா என்று கேட்பார்கள். கம்பம் டவுனில் உல்லன் நூல் வாங்குவது வாசல் தோரணத்துக்கும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும்தான். கடையில் இருந்தது ரோஸ், கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள். அதிலும் பளிச்சென்று இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது மாதிரி. பனியில் ஒளிய வேண்டியவனுக்கு!

பெட்டியைத் திறந்ததும் ஹவில்தார் பேபிச்சன் தலையில் கைவைத்தார். குமுளிக்காரர். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளா.

"எடா, இதிட்டு வெளியில் போகருது, கேட்டோ?"

பதுங்குகுழிக்குள் மட்டும்தான் போடலாம். உத்தரவு.

கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுத்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் பின்னியவர் பெயரெழுதிய துண்டுச் சீட்டு. எனக்கு வந்தது கிளிப்பச்சை. பின்னியது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. முகத்துக்கு விட்ட ஓட்டை கழுத்தில் இருந்தது. மாட்டினால் உலகம் இருட்டு. கழற்றினால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பாண்டி தன் சீட்டைப் படித்தான். செல்வி, கூடலூர்.

எனக்கு வயிறு எரிந்தது. பனியில் நின்றுகொண்டு எரிந்தது. அன்றே செல்வியைப் போனில் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குன்னு எழுதி அனுப்பியிருக்கலாம்ல?"

"தர்மம்னா பேரு பாக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாக. உங்களுக்கென்ன, யாரோ ஒரு புள்ள போட்டிருக்கும்ல?"

போட்டிருந்தது. என் கழுத்துக்கு.

பேரம் பேசினேன். என் ரம் பங்கு முழுவதும். ஒரு மாதக் கறி. அவன் காவல் முறைக்கும் நானே நிற்பது. பாண்டி அசையவில்லை.

"அண்ணனுக்குன்னு தங்கச்சி போட்டது மாப்ள. உனக்குத்தான் ஆளே இருக்குல்ல?"

அதற்குமேல் நான் மனிதனாக இல்லை. சாப்பிடும்போது கழட்டுலே என்பேன். தூங்கும்போது காதருகில் போய்க் கழட்டுலே என்பேன். ஒருநாள் அதற்கும் மேலே போனேன். அவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். தலையில் ரோஸ். "குண்டு வருது! ரோஸ் தெரியுது! கழட்டு!" என்று கத்தினேன். குண்டு கிண்டு எதுவும் இல்லை. அவன் குல்லாவைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குப்புற விழுந்தான். நான் குல்லாவைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் அவன் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். பேபிச்சன் மட்டும் சிரிக்கவில்லை. இருவரையும் ஒரு மணி நேரம் மண்மூட்டை தூக்க விட்டார்.

அதிலிருந்து பாண்டிக்கு வீம்பு. உத்தரவை மறந்து வெளியிலும் போட ஆரம்பித்தான். நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

ஆகவே செவ்வாய்க்கிழமை அவன் சிரித்தான். குண்டு விழும்போதும் நான் குல்லாவுக்காகத்தான் கத்துகிறேன் என்று.

ஆறு நாற்பத்து மூன்று. இரண்டாவது குண்டு. கிழிசல் சத்தம் இல்லை. நேராகத் தொம். பாண்டி நின்ற இடத்தில் புகை. புகைக்குள் அவன் குரல். அம்மா என்கிறான். நான் அசையவில்லை. பிரஷ் இன்னும் வாயில் இருக்கிறது. பேபிச்சன் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்.

"அனங்காதே கிடக்கெடா!"

அசையாமல் கிட என்று பாண்டியை அதட்டி, அவன் காலரைப் பிடித்து இழுக்கிறார். பாதி தூரம் வந்துவிட்டார். மூன்றாவது குண்டு. பிறகு நான் ஓடினேன். சாக்ஸ் காலோடு. இருவரையும் இழுத்து வந்தேன். ஒருவருக்குத்தான் மூச்சு இருந்தது.

குல்லாவைப் பார்த்துத்தான் அடித்தார்களா? யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் முன்பும் குண்டு விழுந்திருக்கிறது. மேஜர் அப்படித்தான் சொன்னார். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் மனசு கேட்கிறது. சில நாள் கேட்பதில்லை.

பிறகு கோயில் ஹாலுக்கு மேஜரின் கடிதம் போனது. நன்றி. இனி வெள்ளையும் மங்கிய பச்சையும் மட்டும் அனுப்பவும். அவ்வளவுதான். செல்வி போன் செய்தாள்.

"ஏங்க, அன்னைக்குப் பாண்டி அண்ணே தலையில என்ன கலரு?"

"கிளிப்பச்சை. என்னுது. உன் ரோஸு எங்கிட்டத்தான் இருக்கு."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதாக ஒரு பொய். அவள் நம்பினாள். அடுத்த ஆண்டு பென்ஷனோடு ஊர் திரும்பினேன். பொய்யும் கூடவே வந்தது.

ஒரு ஞாயிறு பாண்டி வீட்டுக்கு வந்தான். இரண்டு கட்டை ஊன்றி. சட்டைப் பையிலிருந்து குல்லாவை எடுத்தான். துவைத்து மடித்திருந்தான். ஓரம் கருகியிருந்தது.

"இந்தா தங்கச்சி, நீ போட்டது. தலையைக் காப்பாத்திருச்சு. கால் வரைக்கும்தான் எட்டல."

ரோஸ். செல்வி குல்லாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். தையல் மெஷின் டிராயரைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

"காலை நீட்டுங்கண்ணே."

முழங்காலுக்குக் கீழே மிச்சம் இருந்ததை அளந்தாள். செயற்கைக் கால் மாட்டும் இடத்தில் தோல் உரியாமல் இருக்க ஓர் உறை. அவள் அதற்குக் கால் குல்லா என்று பெயர் வைத்தாள். எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் காலை அவள் டேப் வைத்து அளந்ததில்லை. இரண்டும் முழுசாக இருக்கிறதே. யார் அளப்பார்கள்?

முதல் உறை தவறாகிவிட்டது. முனையைத் தையல் போட்டு மூடியிருந்தாள். பாண்டிக்குப் புண் வந்தது. அவன் சொல்லாமல் பத்து நாள் மாட்டிக்கொண்டிருந்தான். தெரிந்ததும் அவளுக்கு வேறு வழி தோன்றியது.

"இங்கன உக்காருங்க."

என் காலை மடக்கி முண்டாசுத் துணியால் கட்டினாள். புது உறையை முட்டியில் மாட்டினாள். ஸ்டூலில் முட்டியை வைத்து எடை கொடுக்கச் சொன்னாள். பாண்டி எதிரில் உட்கார்ந்து காபி குடித்தான்.

"மாப்ள, நொண்டிக்கு நீதான் பொருத்தம்."

"உறுத்துதா?" என்றாள் செல்வி.

"இல்ல."

"பொய் சொல்லாதீக."

முட்டியை ஸ்டூலில் இன்னொரு தரம் அழுத்தினேன்.

"உறுத்துது. இடது ஓரத்துல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு உறையைக் கழற்றினாள். நூலைப் பிரித்தாள். நம்பிவிட்டாள்.

இப்போது ஹாலில் எல்லாரும் நான்கு ஊசி வைத்துத் தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுகிறார்கள். சர்க்கரை நோயில் கால் போனவர்களுக்கு. பைக்கில் விழுந்தவர்களுக்கு. வாரம் ஒருநாள் என் முட்டிக்கு டியூட்டி. ஆஸ்பத்திரியில் மாட்டியவர்களிடம் அளவு சரியா என்று பாண்டி கேட்டு வருவான். அவனுக்குப் பெண்கள் டீயோடு முறுக்கும் கொடுக்கிறார்கள். எனக்கு டீ மட்டும்.

மறக்கக் கூடாது என்பதால் எண்ணி எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலையில் மூன்று குண்டுகள். முகாமில் போனது ஒரு ஸ்டவ், ஒரு கூடாரம், இரண்டு தண்ணீர் டின். பாண்டிக்குப் போனது இடது கால். இடது காதில் பாதி கேட்கும் திறன். எனக்குப் போனது ஒரு பூட்ஸ். அதோடு, நான் கத்தினால் பாண்டி ஓடுவான் என்ற நம்பிக்கை. அது இன்னும் திரும்பி வரவில்லை. ரோட்டில் லாரி வருது என்று நான் சொன்னால், அவனே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குகிறான்.

பேபிச்சனுடைய பெட்டியில் ஒரு மஞ்சள் குல்லா இருந்தது. ஒருநாளும் போடாதது. மகளுக்கென்று எடுத்து வைத்திருந்தாராம்.

ஆள் இழப்பு ஒன்று. ஹவில்தார் பேபிச்சன், குமுளி.