நூற்று முப்பத்தொன்றாவது திருத்தம்

ஜூலையில் யாரும் எதையும் படிப்பதில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். கோடை விடுமுறை; கோதன்பர்க் நகரில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். மனிதர்கள் படகிலோ தீவிலோ இருப்பார்கள். எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் "ஆகஸ்ட்டில் திரும்புவேன்" என்று கணினியே பதில் அனுப்பும். நான் மட்டும் ஜூலையில் வேலை செய்வேன். வாக்கியங்களைச் சரிபார்க்க அமைதி தேவை.

என் பெயர் ஸ்டூரே ஹெல்குவிஸ்ட், வயது அறுபத்தாறு. பதினேழு ஆண்டுகள் ஒரு தரநிலைக் குழுவின் தொகுப்பாசிரியராக இருந்தேன். தனியாக வாழும் முதியவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அபாயப் பொத்தானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்த வேண்டும். அந்தச் சாதனத்தின் நிரலும் உதவி மையத்தின் நிரலும் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம் எங்களுடையது. சாதனம் செய்யும் ஆறு நிறுவனங்களும் அந்த ஒரே ஆவணத்தைப் பார்த்துத்தான் செய்கின்றன.

ஹாம்புஸ் என்ற பொறியாளரை நீங்கள் மூன்று முறை விசாரித்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். நான்கு பேர் இறந்ததற்கு அவர் எழுதிய நிரலே காரணம் என்று வழக்குப் போடப்போகிறீர்களாம். அவர் நான் எழுதியதைப் படித்தார், படித்ததை அப்படியே செய்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் ஆவணத்தைப் பொறியாளர்கள் எழுதினார்கள். அவர்கள் நன்றாகச் சிந்திப்பார்கள், அலட்சியமாக எழுதுவார்கள். ஒருவர் "செய்தாக வேண்டும்" என்பார், இன்னொருவர் "செய்வது எதிர்பார்க்கப்படுகிறது" என்பார், மூன்றாமவர் "செய்தால் சரியாக இருக்கும்" என்பார். மூவரும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள். படிக்கிற நிறுவனம் தனக்கு வசதியானதை நினைத்துக்கொள்ளும். அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நிபந்தனையும் கட்டாயம், பரிந்துரை, அனுமதி என்ற மூன்றில் ஒன்றாக, ஒரே சொல்லமைப்பில் இருக்க வேண்டும். நான்காம் பதிப்பின் வரைவில் இருநூற்றுப் பதினான்கு இடங்கள் அப்படி இல்லை. அவற்றை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. அது நல்ல வேலை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு மார்ச் கூட்டத்தில் அன்னிகா புரோலின் ஒரு புதிய நிபந்தனை கொண்டுவந்தார். குழுவிலேயே கெட்டிக்காரர் அவர். பொத்தானை அழுத்தியபின் அறுபது விநாடிக்குள் மையத்திலிருந்து பதில் வராவிட்டால், செய்தி போய்ச் சேரவில்லை என்று சாதனம் கருத வேண்டும். உடனே ஒலியெழுப்பி, வேறு வழியில் மறுபடி அழைக்க வேண்டும். அதுவரை சந்தைக்கு வந்த சாதனங்களில் பாதி, செய்தியை அனுப்பியதுமே பச்சை விளக்கைக் காட்டிவிடும். எங்கள் குழுவில் இருந்த பேடெர் நேஸ்லுண்டின் நிறுவனத்துச் சாதனமும் அப்படித்தான். பேடெர் தயங்கினார்.

"பதில் வரலைன்னா யாரும் கேக்கலைன்னு அர்த்தம், பேடெர்," என்றார் அன்னிகா. "கேட்டுட்டாங்கன்னு எந்த ஊர்ல அர்த்தம்?"

மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். எவரும் பேசவில்லை. எங்கள் குழுவில் மௌனம் என்றால் சம்மதம். கட்டாயம் என்று முடிவானது. கூட்டக் குறிப்பில் அப்படி எழுதியவன் நான்தான்.

அதன்பின் நான் அந்த இருநூற்றுப் பதினான்கு இடங்களைப் பற்றிப் பேச எழுந்தேன். அன்னிகா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீடு பத்தி எரியுதுன்னு போன் பண்ணாலும் நம்ம ஸ்டூரே மொதல்ல வாக்கியத்தைத் திருத்திட்டுத்தான் தண்ணி ஊத்துவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. முழுமைக்காகச் சொல்கிறேன்.

காபி இடைவேளையில் பேடெர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இது கட்டாயம்னா எங்களால இந்த வருஷம் முடியாது, ஸ்டூரே. நாங்க தவணை கேப்போம், பதிப்பு அடுத்த வருஷம் போயிடும். அப்ப நீங்க இருக்க மாட்டீங்களே." நான் டிசம்பரில் ஓய்வு பெறவிருந்தேன். தொகுப்பாசிரியரின் பெயர் முதல் பக்கத்தில் வரும். பேடெர் இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, எதுவும் தரவும் இல்லை. அவருக்காக அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்னிகா தன் நிபந்தனையையும் மற்றவர்களைப் போலவே அலட்சியமாக எழுதியிருந்தார்: "எதிர்பார்க்கப்படுகிறது." ஆகவே என் பட்டியலின் இருநூற்றுப் பதினான்கில் அதுவும் ஒன்று. வரிசைப்படி அது நூற்று முப்பத்தொன்று. ஐயம் வந்த ஒவ்வொரு இடத்திலும் எழுதியவரிடம் கேட்டேன், அல்லது கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்றில் கேட்கவில்லை. அங்கே எனக்கு ஐயம் இல்லை. பரிந்துரை என்று எழுதினேன். பரிந்துரை என்றாலும் நல்ல நிறுவனங்கள் செய்யத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

சொல்லை ஒழுங்குபடுத்தும் திருத்தங்களுக்கு எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. பட்டியலை அனுப்ப வேண்டும், பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் ஏற்கப்பட்டது. ஜூலை மூன்றாம் தேதி அனுப்பினேன். ஜூலை கணக்கில் வராது என்று விதியில் எங்கும் இல்லை. பதினேழு பேருக்கு அனுப்பியதில் பதினான்கு கணினிகள் ஆகஸ்ட்டில் திரும்புவதாகக் கூறின. மூன்று பேர் அதைக்கூடச் சொல்லவில்லை. பதினேழாம் தேதி பட்டியலை முடித்தேன். செப்டம்பர் முதல் தேதி பதிப்பு வந்தது. அழகான பதிப்பு. நூற்று எண்பது பக்கத்தில் ஒரு சொல்கூடத் தன் இடம் மாறி நிற்காது.

பேடெரின் நிறுவனத்தில் நிரல் எழுதும் ஹாம்புஸ் அதைப் படித்தார். கட்டாயமானவற்றை எல்லாம் செய்தார். பரிந்துரைகளை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கினார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஜனவரியில் லிக்செலெ பக்கம் தைரா மோபெர்க் என்ற எண்பத்தோரு வயதுப் பெண்மணி சமையலறையில் விழுந்தார். காலை பத்து நாற்பது. பனிப்புயலில் மையத்தின் இணைப்பு அறுந்திருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. உதவி வருகிறது என்று காத்திருந்தார். இரண்டு நாளில் பதினொரு முறை அழுத்தினார், பதினொரு முறையும் பச்சை. தெருவில் பனி அள்ள வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாதனத்தின் பதிவேடு பிப்ரவரியில் குழுவுக்கு வந்தது; ஓய்வு பெற்றிருந்த எனக்கும் ஒரு நகல் அனுப்பினார்கள். முதல் இரண்டு அழுத்தலுக்கும் நடுவே நாற்பது நிமிடம். கடைசி இரண்டுக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். அந்தத் தாளை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.

அப்போதே சரிசெய்திருக்கலாமே என்பீர்கள். பரிந்துரையைக் கட்டாயமாக்குவது சொல் திருத்தம் ஆகாது, பொருள் மாற்றம். அதற்குக் கூட்டம் வேண்டும், வாக்கு வேண்டும். முதல் மாற்றம் எப்படி வந்தது என்ற கேள்வியும் எழும். எனக்குப் பின் வந்த தொகுப்பாசிரியரிடம், செப்டம்பர் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்னேன். முறைப்படி அது சரி. செப்டம்பருக்குள் இன்னும் மூவர் போனார்கள். பெயர்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன, எனக்குக் கோப்பு தேவையில்லை.

பதிவேடு வந்த மறுமாதம், மார்ச்சில், அன்னிகா தொலைபேசியில் அழைத்தார். குரல் தணிந்திருந்தது. "நூத்தி முப்பத்தொண்ணு, ஸ்டூரே. அது எப்படி அப்படி ஆச்சு?"

"பட்டியல் வந்துச்சே, அன்னிகா. நீங்க பதில் போடலை."

வெகுநேரம் அவர் பேசவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். அறுபது தாண்டியது. "ஆமா, போடலை," என்றார். "படகுல இருந்தேன். திறந்துகூடப் பார்க்கலை. நான்தான் பார்த்திருக்கணும்." அடுத்த வாரம் குழுவிலிருந்து விலகினார். இப்போது யாருடனும் பேசுவதில்லை என்கிறார்கள். பழியை அவராகவே எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் காபி எந்திரம், தொலைக்காட்சி, துணி துவைக்கும் எந்திரம் எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லாவற்றின் மீதும் கறுப்பு நாடா ஒட்டினேன். நாடாவுக்கு அடியில் அது எரிகிறது என்று தெரிகிறது. ஒருவரிடம் எதையாவது கேட்டுவிட்டால் பதில் வரும்வரை எண்ணுகிறேன். கடைக்காரரிடம் ரொட்டி கேட்டாலும் எண்ணுகிறேன். சற்றுமுன் உங்களிடம் தண்ணீர் கேட்டபோதும் எண்ணினேன். நான்கு விநாடி.

ஆபத்து இருக்கிறது என்று எனக்கு எப்போது தெரியும் எனக் கேட்டீர்கள். பிப்ரவரியில், அந்தப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

போரோஸில் என் அக்கா குன்வோர் இருக்கிறாள். எழுபத்தொன்பது வயது, தனியாக இருக்கிறாள். அவள் கையில் இருந்ததும் பேடெரின் நிறுவனத்துச் சாதனம்தான். ஒருநாள் காரில் போய் அதைக் கழற்றி, வேறு நிறுவனத்துடையதைக் கட்டிவிட்டேன். அவர்கள் அறுபது விநாடி விதியை யாரும் சொல்லாமலே முன்பே செய்திருந்தார்கள்.

"ஏன்டா, இது நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "ஓய்வு பெறப் போறவனுக்குப் பொழுது போகலையா?"

"இது பதில் சொல்லும்க்கா," என்றேன். "அது சொல்லாது."

அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மையத்திலிருந்து ஒரு பெண், "குன்வோர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். பதினொரு விநாடி ஆகியிருந்தது. நிம்மதியாக இருந்தது, இருவரும் வெளியே உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்டோம்.

சாதனத்தை மாற்றிய படிவத்தில் என் கையொப்பம் இருக்கிறது. தேதி ஜூலை இருபது, பட்டியலை முடித்த மூன்றாம் நாள். பிப்ரவரி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.