இரண்டாவது சர்வரின் கேபிளைப் பிடுங்கியது பற்றி ஷார்லின் கூறியது

என் பெயர் ஷார்லின், தகப்பனார் பெயர் பால்ராஜ். வயது முப்பத்தொன்பது. சுங்கை பினாங் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். கைது செய்யப்பட்டிருக்கும் ஹைருல் அதே பிரிவில் வேலை செய்பவர். எங்கள் இருவருக்கும் மேலாளர் திரு. சிவகரன்.

நோயாளிகளின் விவரங்கள் இரண்டு சர்வர்களில் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் எழுதப்படுவது மற்றதற்கும் போய்ச் சேரும், ஒன்று நின்றால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். சென்ற செவ்வாய்க்கிழமை இவற்றோடு மூன்றாவது சர்வர் ஒன்றைச் சேர்க்கும் வேலை எங்களுக்குத் தரப்பட்டது. அது ஜுருவில் உள்ள எங்கள் பயிற்சி மையத்திலிருந்து வந்தது. புது ஊழியர்கள் பழகுவதற்காக நோயாளிகள் போல எழுதிவைத்த பொய் விவரங்கள் அதில் அப்படியே இருந்தன. அவற்றை முழுதாக அழித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், மறுநாள் வரை அவகாசம் வேண்டும் என்று ஹைருல் திரு. சிவகரனிடம் என் முன்னால் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தலைமை அலுவலகத்தார் பார்க்க வருகிறார்கள், அதற்குள் மூன்று சர்வரும் ஓட வேண்டும் என்று திரு. சிவகரன் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஹைருல் மூன்றாவது சர்வரைச் சேர்த்தார். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு வார்டிலிருந்து தாதி ஜன்னத் எனக்குப் போன் செய்தார். “அக்கா, பத்மாவதி அம்மாவ ஆப்பரேஷனுக்கு அனுப்பணும். அவங்களுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு கையில சிவப்புப் பட்டை கட்டியிருக்கு. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லைன்னு வருதே லா,” என்றார். ஊசி போட வேண்டாம், திரையை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் பார்த்தபோது, முதல் சர்வரில் உண்மையான விவரங்கள் மறைந்து அந்த இடத்தில் பயிற்சி விவரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. புதிய சர்வரில் இருந்ததையே சரியானது என்று முதல் சர்வர் எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்து அது இரண்டாவதற்கும் போகும். நான் ஹைருலைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், பின்பக்கம் போய் இரண்டாவது சர்வரின் கேபிளைப் பிடுங்கினார். மூன்று சர்வர் சேர்ந்த பிறகு, மற்ற இரண்டோடும் தொடர்பு அறுந்த சர்வர் தானே வேலையை நிறுத்திக்கொள்ளும்படி அமைப்பு இருந்தது, அதனால் இரண்டாவது சர்வரும் எதையும் ஏற்காமல் நின்றுகொண்டது.

அன்று மாலை வரை மருத்துவமனையில் எந்தக் கணினியும் வேலை செய்யவில்லை. பத்மாவதி அம்மாவின் அறுவை சிகிச்சையும் மற்றவர்களுடையதும் தள்ளிப்போயின. கீழே மருந்து வாங்க நின்றவர்கள் கவுண்டரில் வேலை செய்யும் பிள்ளைகளைத் திட்டினார்கள். திரு. சிவகரன் வந்தபோது ஹைருல் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஹைருல் வேண்டுமென்றே நாசம் செய்தார் என்று நிர்வாகம் புகார் கொடுத்தது. அதன் பிறகு திரு. சிவகரன் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து என்னைக் கீழே வரச் சொன்னார். நான் பசாரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன், மீன் பை கையில் இருந்தது.

“அவன் கேபிளப் புடுங்குனத மட்டும் சொல்லு, போதும். கேமராவுலயே இருக்கு. மத்ததெல்லாம் போலீசுக்குப் புரியாது லா,” என்றார்.

“புரியிற மாதிரி சொல்றேன் சார்,” என்றேன்.

“உனக்கு ரெண்டு பிள்ளைங்க, ஷார்லின்.”

“தெரியும் சார்.”

மேலே போய் மீனைக் கழுவினேன். அன்று சமைக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

ஹைருல் கேபிளைப் பிடுங்கியபோது, முதல் சர்வரையும் மூன்றாவதையும் அணைத்தவள் நான். நான் நின்ற பக்கம் கேமரா இல்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. அவர் செய்தது குற்றம் என்றால் நான் செய்ததும் அதுவே. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மருத்துவமனை முழுவதும் அந்த இரண்டாவது சர்வரை வைத்துத்தான் ஓடுகிறது. அதில் ஒரு பெயர்கூட அழியவில்லை. பத்மாவதி அம்மாவுக்கு நேற்று அறுவை சிகிச்சை நடந்தது, நலமாக இருக்கிறார். ஹைருல் இன்னும் காவலில் இருக்கிறார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உண்மையைச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஷார்லின் த/பெ பால்ராஜ்