நான் அழித்த கடைசி வரி

ஈரத் துணி நிறைந்த வாளி பார்ப்பதைவிடக் கனமானது. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவது நான்தான். என் மனைவியின் அக்கா வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "என் தங்கச்சி குடுத்து வெச்சவ தம்பி. எங்க வீட்டுக்காரருக்குத் தன் கைக்குட்டையக்கூட மடிக்கத் தெரியாது" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மருத்துவக் கவுன்சிலிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருப்பது ஓர் அறிக்கையைப் பற்றி. நான் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் டாக்டர். இருபத்திரண்டு வருடமாக முதுகெலும்புகளைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். படம் வரும், படிப்பேன், எழுதுவேன், அடுத்த படம் வரும்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் பெரிய டாக்டர். முதுகுவலி என்று வருகிற யாருடைய படத்திலும் ஏதாவது இருக்கும். டிஸ்க் காய்ந்திருக்கும், கொஞ்சம் பிதுங்கியிருக்கும், ஓரத்தில் எலும்பு துருத்தியிருக்கும். வலியே இல்லாதவனைப் படுக்கவைத்துப் படம் எடுத்தாலும் இதே சங்கதிகள் வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். "தலை நரைச்சா தலைவலி வருமாய்யா? முதுகும் நரைக்கும், அவ்வளவுதான். அதையும் எழுதிக் குடு. இல்லேன்னா படிக்கிறவன் அன்னிக்கே படுத்துருவான்" என்பார். அதனால் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ஒரு வரி தானாகவே வந்துவிடும். இந்த மாற்றங்கள் இந்த வயதில் வலி இல்லாதவர்களிடமும் பரவலாகக் காணப்படுபவை என்று. நாங்கள் அதை ஆறுதல் வரி என்போம். புற்றோ எலும்பு முறிவோ நரம்பு நசுங்கலோ இருந்தால் மட்டும் அதை நீக்க வேண்டும். நீக்கினால் கணினி ஒருமுறை கேட்கும், நிச்சயமாகவா என்று.

என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனால் குளத்தில் அவளுக்கு எப்போதும் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஒருநாள் அவளை அழைத்துவர முன்னதாகவே போய்விட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு பொடியன் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டிருந்தான், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் வீட்டுக்குள் நான் அதைக் கேட்டதில்லை. வண்டியில் வரும்போது வழக்கம்போல விலைவாசி பேசினோம்.

அந்த வருடம்தான் வேறொரு நகரத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பெரிய குளம், போட்டிக்குத் தயாராகும் பெண்கள் அணி, தலைமைப் பயிற்சியாளர் பதவி. "ரெண்டே வருஷந்தாங்க, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றாள். "தாராளமா போய்ட்டு வா" என்றேன். அவள் அக்காவிடம் தொலைபேசியில், "அவர் ஒரு வார்த்த மறுத்துப் பேசல" என்று பெருமைப்பட்டதும் என் காதில் விழுந்தது. திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஆதாரம் எதுவும் கிடையாது.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, குளத்தில் நீந்தும் தடங்களைப் பிரிக்கும் கயிற்றை இழுத்துச் சுற்றுகையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நன்றாக அவதிப்பட்டாள். நாலாம் நாள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். "சரியாயிடும்" என்றாள். அவள் சொன்னது சரி. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்று சொன்னது நான்.

சொந்தக்காரர் படத்தை நாங்கள் படிப்பதில்லை, இன்னொரு டாக்டரிடம் தள்ளிவிடுவோம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். படத்தை மட்டும் திறந்தேன். இரண்டு டிஸ்க் காய்ந்திருந்தன. ஒன்று பிதுங்கியிருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய கிழிசல் ஒன்று. நரம்பு எதையும் தொடவில்லை. அவள் வயதில் நான் தினமும் பத்துப் பார்க்கிற முதுகு.

பார்த்தது எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பிறகு கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

வீட்டில் நான்தான் வாசித்துக் காட்டினேன். சிதைவு, பிதுக்கம், கிழிசல். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். "கிழிஞ்சிருக்குன்னா... நான் தண்ணில குதிச்சா என்னாகும்?" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தால் நோயாளிக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியும். வரமுடியாது என்ற கடிதத்தை மறுநாள் அவளே எழுதினாள். போகாதே என்று நான் சொல்லவேயில்லை.

அவளுக்கு வந்த வலி பாவனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயந்துபோன உடம்பு இறுகிக்கொள்ளும், இறுகினால் வலிக்கும், வலித்தால் அசையாமல் கிடக்கும், கிடந்தால் வலு போகும். நரம்புகள் கதவோரம் காதை வைத்துக்கொண்டு நிற்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்குக் குனிவது பேய், தும்முவது பேய், மாடிப்படி பேய். ஒரு வருடத்தில் இடுப்புப் பட்டை வந்தது. மெத்தை போய்ப் பலகை வந்தது. குளத்துப் பிள்ளைகள் முதலில் கூட்டமாக வந்தார்கள், பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் பேசினார்கள், பிறகு அதுவும் இல்லை. நான் சமைத்தேன், துவைத்தேன், அவள் கால்விரல் நகத்தை வெட்டிவிட்டேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். ஆட்டுகிற கைக்கு அது அன்பாகத்தான் தெரியும்.

நாலாவது வருடம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளுக்கே இதில் ஒரு பாதிதான் தெரியும். நான் வேலைக்குப் போயிருந்தபோது பட்டையைக் கழற்றிவிட்டுத் தனியாகக் குளத்துக்குப் போயிருக்கிறாள். இடுப்பளவுத் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். நான் வந்தபோது முடி ஈரமாக இருந்தது. "ஒண்ணுமே ஆகலங்க. ரெண்டு கை நீந்திக்கூடப் பார்த்தேன்" என்றாள். முகம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்த முகமாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அது உண்மை. பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருந்த இடத்தில் விரலை வைத்தேன். "இது இன்னும் இங்கதாம்மா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் விடுப்புப் போட்டேன்.

என்னைப் பிடித்தது நீங்கள் இல்லை, ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். சென்ற வருடம் அக்கா எங்கிருந்தோ ஏற்பாடு செய்து வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண் படத்தைத் தூக்கிப் பார்த்தாள், அறிக்கையை இரண்டு முறை படித்தாள். "மேடம், பயப்படறதுக்கு இதுல ஒண்ணுமில்லையே. என் அம்மாவோடது இதவிட மோசம், அவங்க மூட்டை தூக்கறாங்க" என்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல அடில ஒரு வரி வருமே. எங்க சார் காணோம்?" என்று என்னைக் கேட்டாள். பழைய அறிக்கை, அப்போது அந்த வழக்கம் இல்லை என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் நேரடிப் பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணும் என் மனைவியும் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். யார் எந்த வரியை எத்தனை மணிக்கு அழித்தார்கள் என்பதெல்லாம் கணினியில் இருக்கும்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை.

"என் வலி பொய்யா?" என்றாள்.

"இல்ல. நிஜம்."

"அப்ப எந்தப் படத்தப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்குமா? உங்களுக்குமா?"

நான் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு ஸ்கேன் எடுப்பதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் பிரிவுக்குப் புதிய இயந்திரம் வந்தது. சோதித்துப் பார்க்க ஊழியர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் படுத்தோம். என் முதுகில் மூன்று டிஸ்க் காய்ந்திருந்தன, இரண்டு பிதுங்கியிருந்தன, கிழிசல் அவளுடையதைவிடப் பெரிது. பெரிய டாக்டர் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றினேன். இந்த முதுகை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருடம் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்தேன், ஒருநாள்கூட வலித்ததில்லை. இதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்பைப் பார்த்தாள்.

எட்டு மாதம் அந்தப் பெண்ணுடன் பயிற்சி செய்தாள். வலி முழுதாகப் போகவில்லை என்று அக்கா சொன்னார். ஒன்பது வருடம் காவல் நின்ற நரம்பு ஒரே நாளில் நம்பிவிடாது. இப்போது அதே நகரத்தில், அதே குளத்தில் இருக்கிறாள். அன்று அவளுக்குத் தருவதாக இருந்த பதவியில் அவளிடம் நீந்தக் கற்றுக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு உதவியாளராக என் மனைவி சேர்ந்திருக்கிறாள். அக்கா இப்போது என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை.

வெட்கமாக இருக்கிறது. தெருவில் யாராவது குனிந்து செருப்பு வாரைப் போட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். நான் செய்தது குற்றம், ஒன்பது வருடக் குற்றம், எந்தத் தண்டனைக்கும் கையெழுத்துப் போடுகிறேன். என் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த பழைய அறிக்கைகளையெல்லாம் வேறு யாரையாவது வைத்துத் திரும்பப் பாருங்கள், மற்றவற்றில் அந்த வரி இருக்கும்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. அவள் இப்போது தனியாக ஓர் அறையில் இருக்கிறாளாம், ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆளில்லை. என்னோடு இருந்த ஒன்பது வருடத்தில் நான் அவளை ஒருநாளும் அப்படித் தவிக்க விட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.