மஞ்சள் வழி

— நிஜமாவே மூட்டையைத் தள்ளிட்டா திரிஞ்சீங்க?

— பின்னே? வழியில ஒரு துண்டு பலகை அடிச்சு, அதுல தள்ளிப் பார்த்துட்டுத்தான் அடுத்த துண்டு. உன் எடைக்கு மணல் கட்டி, சக்கர நாற்காலியில உக்கார வெச்சு, பெல்ட்டும் போட்டேன். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க.

— சிரிக்காம? நான் வீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைக் கூட்டிட்டு வந்திருந்தா மணல் மிச்சம்.

— அரைகுறையா இருக்கிற வழியிலயா? ஒருதடவை உன்னைக் கூட்டிட்டு வந்து பாதியில திருப்பினது போதும் பாப்பா. முழுசா முடிச்சுட்டுத்தான்னு இருந்தேன்.

— சரி, என் எடை எப்படித் தெரியும் மேஸ்திரி?

— தினமும் கட்டில்ல இருந்து உன்னைத் தூக்கறவன் யாரு? கைக்குத் தெரியாதா?

— மேஸ்திரி கையில தராசு வெச்சிருக்காரு. அதோ, சிவப்பு பெயின்ட் அடிச்ச வழி எங்க போகுது?

— அது கால்ல பலம் இருக்கிறவங்களுக்கு. வேரும் பாறையுமா இருக்கும், போதாததுக்கு அட்டை வேற. நீலம், கம்பு ஊனி நடக்கறவங்களுக்கு. மஞ்சள் நம்ம வழி, சக்கரத்துக்கு.

— ஓரத்துல இந்தக் கயிறு?

— கண்ணு தெரியாதவங்க பிடிச்சுட்டு நடக்க. ஒத்தை முடிச்சு வந்தா பெஞ்ச், ரெட்டை முடிச்சு வந்தா வளைவு.

— யாரையும் விடல போல.

— அதான் சொல்றேன், பலகையைக்கூடக் குறுக்காலதான் போட்டிருக்கேன். நெடுக்கப் போட்டா சந்துல சக்கரம் மாட்டும். இந்தக் காட்டுல பாசிக்குப் பஞ்சமா? வழுக்கக் கூடாதுன்னு மேல கம்பி வலை.

— அப்பா.

— என்ன, மேஸ்திரி போய் அப்பா வந்துட்டாரு?

— அம்மா கேட்ல டிக்கெட் கிழிச்சுட்டு, மத்தியானம் சாப்பிட இவ்வளவு தூரமா ஏறி வருவாங்க?

— சிவப்பு வழியில, டப்பாவைத் தூக்கிக்கிட்டு. அருவியைப் பார்க்காம உங்கம்மாவுக்கு ஒரு வாய் இறங்காது. அதனாலதானே சாம்பலையும் அங்கேயே விடணும்னு சொல்லிட்டுப் போனா.

— அன்னிக்கு நீங்களும் மாமாவும் மேல போனீங்க. நான் டிக்கெட் ரூம்ல, அம்மாவோட ஸ்டூலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

— உன்னை முதுகுல சுமந்துட்டுதான் கிளம்பினேன். பாதி வழியில ஒரு பாறை கிட்ட வந்ததும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. முடியலம்மா.

— உங்களை நான் ஒண்ணும் சொல்லலப்பா. கீழ இருந்து அருவி சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். எங்க விட்டீங்கன்னு ஒரே ஒருதடவை கண்ணால பார்க்கணும். அது இல்லாம அம்மா போனது எனக்கு முடியவே மாட்டேங்குது.

— அதுக்குத்தானே இதெல்லாம். எல்லாருக்கும் ஒரு வழி வேணும்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தேன். மனசுல நீ ஒருத்திதான் இருந்தே.

— தெரியும்ப்பா.

— இந்த வளைவு தாண்டினா அருவியைப் பார்க்கிற மேடை. கண்ணை மூடிக்க. நான் சொல்றப்போ திற.

— சின்னப் பிள்ளையா நான்?

— மூடு பாப்பா.

— மூடிட்டேன். சாரல் அடிக்குது.

— இன்னும் கொஞ்சம். தடுப்பை ஒட்டியே நிறுத்தறேன். இது மட்டும் நானே இழைச்சு நானே அடிச்சேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரல் நுழையாது. குழந்தைங்க தவறி விழுந்துடக் கூடாது பாரு, என் நெஞ்சு வரைக்கும் வர்ற மாதிரி வெச்சேன். இப்போ திற.

— அழகா இருக்குப்பா.

— கண்ணு ஏன் கலங்குது?

— சாரல்.

— அந்தக் கறுப்புப் பாறையில தண்ணி ரெண்டா பிரியுது பாரு. அங்கதான் விட்டோம்.

— பார்த்துட்டேன். ரெண்டா பிரிஞ்சு, கீழ வந்து ஒண்ணாகுது. வீட்டுல நீங்க சொல்வீங்களே, அப்படியே இருக்கு.

— இப்போ மனசு ஆறுச்சா?

— ஆறிடுச்சு. அம்மா சாய்ஞ்சு உக்கார்ற மரம்கூட அங்கேயே நிக்குது. தண்ணியைக் குனிஞ்சு பார்க்கிற மாதிரி.

— எந்த மரம்?

— அதான்ப்பா, வளைஞ்ச மரம். இலையெல்லாம் பச்சைப்பசேல்னு.

— பாப்பா, அது போன மழையில விழுந்துடுச்சு. அதை அறுத்துத்தான் இந்தத் தடுப்பையே அடிச்சேன். நீ தொட்டுப் பார்க்கிறப்போ சொல்லலாம்னு வெச்சிருந்தேன். நீ எதைப் பார்த்தும்மா பேசறே?

— வேற மரமா இருக்கும்ப்பா. தூரத்துல சரியாத் தெரியல.

— இரு, நான் உன் பக்கத்துல உக்கார்றேன்.

— வேண்டாம். உங்களுக்கு இடுப்பு வலிக்கும்.

— வலிக்கட்டும்.

— அப்பா, சொன்னா கேளுங்க. நின்னுக்கிட்டே பாருங்க. உக்காராதீங்கப்பா.

— பலகை. அதுக்கு மேல கொஞ்சம் வானம். வேற ஒண்ணுமே தெரியலயேம்மா.

— எந்திரிங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க, எப்பவும் போல. நான் கேட்டுக்கறேன்.

— இதே இடத்துல எத்தனை தடவை கொண்டாந்து நிறுத்தினேன். மூட்டைக்குக் கண்ணு இல்லைங்கறது எனக்குத் தோணவே இல்லையே பாப்பா.