ஆடு மேய்ந்த பள்ளம்

கண்ணாடியைத் திருப்பித் தந்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். அது இல்லாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகமே எனக்குத் தெரியாது.

என் வேலை பெரிய மாயமெல்லாம் இல்லை. செயற்கைக்கோள் எடுத்த படத்தின் மேல் நிலவியல் வரைபடத்தை வைத்துப் பார்ப்பேன். பூமிக்குள் பாறை பிளந்திருக்கும் கோடும், மேலே செடிகள் காரணமில்லாமல் கருகிய இடமும் ஒன்றாக வந்தால், அடியில் எரிவாயு இருக்கலாம். அந்தப் பள்ளத்தில் இரண்டும் நூல் பிடித்த மாதிரி பொருந்தின. நாற்பது நாள் கண் பூத்துப்போகப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அங்கே எரிவாயுவோடு சேர்ந்து கசிவது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு, காற்றில்லாத காலையில் பள்ளத்திலேயே தேங்கி நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் தங்கை கணவர்தான் எங்கள் நிறுவனத்தின் களப் பொறுப்பாளர். கூட்டத்தில் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், ஆடு மேஞ்ச இடத்தையெல்லாம் கேஸ்னு சொன்னா எப்படி? கொஞ்சம் வெளிய வந்து மண்ணை மிதிச்சுப் பாருங்க."

இயக்குநரும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

"அப்ப நீங்களே போய்ப் பாருங்க, மாப்பிள்ளை."

பயணப் படிவத்தை நிரப்புவது நான். 'ஆபத்து' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவர் சொன்னதைத்தானே எழுதினேன்? அதனால் கிடங்கில் முகமூடியும் வாயு எச்சரிக்கைக் கருவியும் கொடுக்கவில்லை. காலை ஆறரைக்குப் பள்ளத்தின் நடுவில் மண் எடுக்க வேண்டும் என்றும் குறித்திருந்தேன். தங்கை அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

ஏழு மணிக்கு ஜீப் ஓட்டுநர் மேட்டிலிருந்து போன் செய்தார்.

"சார், ஐயா குப்புற விழுந்து கிடக்காரு. கூப்பிட்டா அசையல. அழுகின முட்டை நாத்தம் வேற வருது. இறங்கலாமா?"

கொஞ்சம் யோசித்தேன். மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் உண்டு, அலுவலகத்துக்கே தெரியும். ஒருவர் மட்டும் செத்தால் மாரடைப்பு என்று கதையை முடித்துவிடுவார்கள். என் படம் மறுபடி கேலிக்கூத்தாகிவிடும். எங்கள் தொழிலில் ஒற்றைச் சான்றை யாரும் ஏற்பதில்லை.

"ஒண்ணும் ஆகாதுப்பா. போய்த் தூக்கு."

போனை வைக்காமல் காத்திருந்தேன். அவர் மூச்சிரைக்க ஓடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. போன வாரம் அங்கே துளையிட அனுமதி வந்துவிட்டது.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் மேல் எந்தக் கோபமும் இல்லை. அதை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், பாவம், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.